இசைச் செல்வர் ஆம்ஸ்ட்ராங்

அமெரிக்க நாட்டின் தென்பகுதியில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் நியூ ஆர்லியன்ஸ் என்னும் நகரம் உள்ளது. கறுப்பின மக்கள் வளர்த்த ஜாஸ் இசைக்கு அந்நகரமே தாயகம். அங்கு 1901 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 4 ஆம் நாள் வறிய குடியில் பிறந்தவர் லூயி ஆம்ஸ்ட்ராங். அவர் தம் பதினொன்றாம் வயதில், புத்தாண்டுக்கு முந்தைய இரவில், தெருவில் நின்று கைத்துப்பாக்கியால் வானோக்கிச் சுட்டார். அதனால் சிறுவர் சீர்திருத்த இல்லத்துக்கு அனுப்பப்பட்டார். அத்தண்டனையே அவருக்குப் பேறாயிற்று. அவ்வில்லத்தின் வாத்தியக் குழுவில் கார்னெட் என்னும் ஊதுகருவியை முறையாகப் பயின்றார்.

1922 ஆம் ஆண்டு, தம் ஆசானாகிய கிங் ஆலிவர் அழைக்கவே, சிகாகோ நகரை அடைந்தார். 1925 முதல் 1928 வரை அவர் பதிவு செய்த இசைத்தட்டுகள் ஜாஸ் இசையின் போக்கையே மாற்றின. குழுவினர் ஒருங்கே இசைக்கும் நிலை மாறி, ஒருவர் தனித்துத் தம் கற்பனையை விரித்து வாசிக்கும் முறை ஓங்கியது.

ஊதுகருவி வாசிப்பவருக்கு உதடே முதற்பொருள். உச்ச சுரங்களை ஓயாது ஊதியமையால், 1930 களிலேயே ஆம்ஸ்ட்ராங்கின் உதடு புண்பட்டு வடுவேறியது. 1940 களில் இளங்கலைஞர் சிலர் பீபாப் என்னும் புதுநெறியைத் தோற்றுவித்தனர். அவர்களுட் சிலர், ஆம்ஸ்ட்ராங்கின் இசை பழமைப்பட்டது என்றனர். வெள்ளையரை மகிழ்விக்கவே அவர் மேடையில் நகைத்து ஆடுகிறார் என்றும் எள்ளினர். அவரோ தம் நெறியை விட்டிலர். 1947 இல் சிறுகுழு ஒன்றை அமைத்து நாடுதோறும் சென்று இசைத்தார். உதடு சோர்ந்த காலத்தில் அவருடைய கரகரத்த குரல் கைகொடுத்தது.

1957 ஆம் ஆண்டு லிட்டில் ராக் நகரில், வெள்ளையர் பயின்ற பள்ளியில் சேரவந்த ஒன்பது கறுப்பின மாணவரை மாநில ஆளுநர் படைகொண்டு தடுத்தார். அதுகண்டு கொதித்த ஆம்ஸ்ட்ராங், குடியரசுத் தலைவரையே வெளிப்படையாகக் கண்டித்தார்; அரசின் சார்பில் சோவியத் நாட்டுக்குச் செல்லவிருந்த பயணத்தையும் கைவிட்டார். தொழிலுக்கு இடையூறு நேருமென அவர் அஞ்சவில்லை. நகைமுகத்தினுள் உறைந்த நெஞ்சுரத்தை அன்று உலகம் கண்டது.

1964 ஆம் ஆண்டு, தம் அறுபத்திரண்டாம் வயதில், ஹலோ டாலி என்னும் பாடலால் அமெரிக்க இசைத்தட்டு விற்பனை வரிசையில் முதலிடம் பெற்றார். அதுகாறும் தொடர்ந்து பதினான்கு வாரம் அவ்விடத்தில் இருந்தவர்கள் பீட்டில்ஸ் என்னும் இளைஞர் குழுவினர்.

1968 இல் இதயநோயும் சிறுநீரக நோயும் அவரை வருத்தின. ட்ரம்பெட் ஊதுதல் கூடாதென மருத்துவர்கள் விலக்கினர். அவர் பாடுவதோடு அமைந்திருந்து, உடல் சிறிது தேறியதும் மீண்டும் கருவியை ஏந்தினார். 1971 மார்ச்சுத் திங்களில், மருத்துவர் தடுத்தும் கேளாமல், நியூயார்க்கில் இரு வாரம் மேடையேறினார். அவ்வாண்டு சூலை 6 ஆம் நாள் தம் இல்லத்தில் உறக்கத்திலேயே உயிர் நீத்தார்.

முதுமை அவருடைய உதட்டின் வலிமையைக் குறைத்தது. கேட்போர்க்கு இன்பம் அளிக்கும் வேட்கையைக் குறைக்க அதனால் இயலவில்லை.