நாட்டைத் தோளில் சுமந்தவர்

போன செமெஸ்டர் விடுமுறையில் வீட்டுக்குப் போயிருந்தேன். ஒரு நாள் ராத்திரி அப்பாவும் நானும் டிவியில் காற்பந்து பார்த்துக்கொண்டிருந்தோம். நம்ம தேசிய அணி சுலபமான கோல் வாய்ப்பு ஒன்றைக் கோட்டை விட்டது. அப்பா வழக்கம்போல் ஒரு பெருமூச்சு விட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். மொக்தார் இருந்திருந்தால் இந்நேரம் பந்து வலைக்குள் கிடக்கும்!

சின்ன வயதிலிருந்தே இந்தப் பெயரைக் கேட்டு வளர்ந்தவன் நான். பெரியவங்களுக்கு அவங்க காலத்து ஆட்டக்காரர்தான் உசத்தி என்று நினைத்து விட்டுவிடுவேன். இந்த முறை அப்படி விட மனசு வரவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. கடைசியில் சொல்கிறேன். முதலில் அந்த மனிதரின் கதையைக் கேளுங்கள்.

மொக்தார் டஹாரி 1953 நவம்பர் 13ஆம் தேதி கோலாலம்பூர் செத்தாப்பாக்கில் பிறந்தார். அப்பா லோரி ஓட்டுநர். மொக்தாருக்குப் பதினொரு வயதாக இருந்தபோது குடும்பம் கம்போங் பாண்டானுக்குக் குடிபெயர்ந்தது. விக்டோரியா இன்ஸ்டிடியூஷனில் படித்தார். பள்ளி அணியில் ஆரம்பித்த ஆட்டம், சிலாங்கூர் மாநில இளைஞர் அணி வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. 1972இல் சிலாங்கூர் அணி, அதே ஆண்டில் தேசிய அணி. அப்போது அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. அந்த வயதில் நான் பல்கலைக்கழகத்தில் கால்குலஸ் பாடத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

தாக்குதல் ஆட்டக்காரருக்கு வேலை ஒன்றுதான்: கோல் அடிக்க வேண்டும். சொல்ல சுலபம். முதுகுக்குப் பின்னால் ஒரு தடுப்பாளர் ஒட்டிக்கொண்டே இருப்பார். பந்து காலுக்கு வந்ததும் ஒரு நொடிக்குள் முடிவெடுக்கணும். மொக்தாரிடம் வேகம் இருந்தது, உடல் வலிமை இருந்தது, காலில் பீரங்கி மாதிரி ஒரு உதை இருந்தது. ரசிகர்கள் அவருக்கு வைத்த செல்லப் பெயர் சூப்பர் மொக்.

கணக்கைப் பார்ப்போம். நாட்டுக்காக 142 சர்வதேச ஆட்டங்கள், 89 கோல்கள். சராசரியாக எட்டு ஆட்டத்துக்கு ஐந்து கோல்! சிலாங்கூருக்காகப் பத்து முறை மலேசியக் கிண்ணம். 1974இல் தெஹ்ரானில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் வட கொரியாவை 2-1 என்று தோற்கடித்து நம் நாடு வெண்கலப் பதக்கம் வாங்கியதே, அந்த அணியில் இவரும் உண்டு. 1977இலும் 1979இலும் சீ விளையாட்டுப் போட்டியில் தங்கம். 1975இல் இங்கிலாந்தின் ஆர்சனல் குழு இங்கே வந்து சிலாங்கூருடன் ஒரு நட்புமுறை ஆட்டம் ஆடியது. சிலாங்கூர் 2-0 என்று ஜெயித்தது. இரண்டு கோலும் மொக்தார் அடித்ததுதான்.

எல்லாரும் இன்றும் பேசும் கோல் ஒன்று உண்டு. 1978இல் பாபி ராப்சன் பொறுப்பில் இங்கிலாந்து பி அணி நம் ஊருக்கு வந்தது. ஆட்டம் மெர்டேக்கா அரங்கத்தில். மொக்தார் பந்தை எடுத்துக்கொண்டு ஓடினார், தடுக்க வந்தவர்களை ஒருவர் பின் ஒருவராகத் தாண்டினார், கோல் அடித்தார். ஆட்டம் 1-1 என்று சமநிலையில் முடிந்தது. இது என்ன பெரிய விஷயம் என்று நினைக்கிறீங்களா? அதே சுற்றுப்பயணத்தில் அந்த அணி சிங்கப்பூரில் 8-0 என்று ஜெயித்தது. இப்போது புரியும்.

இன்னொன்றையும் கவனிக்கணும். நம் நாட்டில் அரைத் தொழில்முறை லீக்கே 1989இல்தான் ஆரம்பித்தது. மொக்தாரின் பொற்காலம் அதற்கு ரொம்ப முன்னால். அந்தக் காலத்து ஆட்டக்காரர்கள் பகலில் வேலைக்குப் போய்விட்டு சாயங்காலம் திடலுக்கு வந்தவர்கள். இன்றைய சம்பளக் கணக்கை வைத்து அவர்களை அளக்கவே முடியாது.

அந்த அணியைப் பற்றிச் சொல்லாமல் மொக்தாரைப் பற்றி மட்டும் சொன்னால் கதை பாதிதான். தடுப்பு வரிசையில் சோ சின் ஆனும் சந்தோக் சிங்கும் நின்றார்கள். கோல் கம்பத்தில் நம்ம ஆர். ஆறுமுகம். நீளமான கைகளால் எங்கிருந்தோ பாய்ந்து பந்தைப் பிடிப்பதால் அவரை ஸ்பைடர்மேன் என்று கூப்பிட்டார்கள். முன்னால் மொக்தார், பின்னால் ஆறுமுகம். அப்பா சின்னப் பையனாக இருந்தபோது பெரியப்பாவோடு பஸ் ஏறி மெர்டேக்கா அரங்கத்துக்குப் போனாராம். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் யார், என்ன இனம் என்று யாரும் பார்க்கவில்லையாம். கோல் விழுந்தால் முன்பின் தெரியாதவரையும் கட்டிப்பிடித்துக் குதிப்பார்களாம்.

1988 டிசம்பரில் ஆறுமுகம் சாலை விபத்தில் இறந்துபோனார். வயது 35தான். அதே காலகட்டத்தில் மொக்தாரின் உடம்புக்குள்ளும் ஏதோ ஒன்று நடந்துகொண்டிருந்தது. ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றுப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்திருந்த நேரம். தொண்டையில் தொந்தரவு வந்தது. பரிசோதித்துப் பார்த்ததில் மோட்டார் நியூரான் நோய் என்று தெரிந்தது.

நான் படிப்பது மெக்கட்ரோனிக்ஸ். அதனால் இந்த நோயை எனக்குத் தெரிந்த மாதிரி சொல்கிறேன். மூளை ஒரு கட்டளை போடுகிறது. அது நரம்பு செல்கள் வழியாக முதுகுத்தண்டுக்கு இறங்கி, அங்கிருந்து தசைக்குப் போகிறது. கால் அசைகிறது. இந்த நோயில் அந்தக் கட்டளையைக் கொண்டுபோகும் செல்கள் ஒவ்வொன்றாகச் சாகின்றன. கட்டுப்பாட்டுக் கருவி நன்றாக இருக்கிறது, ஆனால் சிக்னல் போகும் வயர் அறுந்துகொண்டே வருகிறது. சிக்னல் வராத தசை நாளுக்கு நாள் மெலிகிறது. கை, கால், பேச்சு, விழுங்குவது, கடைசியில் மூச்சு. பெரும்பாலானவர்களுக்கு அறிவு மட்டும் தெளிவாகவே இருக்கும். நடப்பதையெல்லாம் உள்ளே இருந்து பார்த்துக்கொண்டே இருக்கணும். குணப்படுத்தும் மருந்து இன்றுவரை இல்லை.

காலை வைத்து ஒரு நாட்டையே எழுந்து நிற்க வைத்தவருக்கு இப்படி ஒரு நோய். இதைப் படித்த இடத்தில் போனை மூடி வைத்துவிட்டேன்.

மொக்தார் இதை வெளியே சொல்லவில்லை. மனைவிக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியும். ரசிகர்களுக்குத் தெரியாது. உடல் மெலிவதைப் பார்த்தவர்கள் வேறு ஏதோ தசை நோய் என்று நினைத்துக்கொண்டார்கள். 1991 ஜூலை 11ஆம் தேதி அவர் இறந்தார். வயது 37. நோயின் உண்மையான பெயர் பொதுமக்களுக்குத் தெரிய வந்தது கிட்டத்தட்ட இருபது வருஷம் கழித்துத்தான். இன்று பகாங் கம்பாங்கில் இளம் ஆட்டக்காரர்களை உருவாக்கும் தேசிய அகாடமிக்கு அவர் பெயர்தான்.

இப்போது அந்தக் காரணத்தைச் சொல்கிறேன். சென்ற ஆண்டு அப்பாவின் கால் விரலில் ஒரு புண் வந்தது. அவருக்கு இனிப்பு நீர். புண் ஆறவில்லை. ஆனால் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. எனக்குத் தேர்வு நேரம், அம்மா பயந்துவிடுவார், கிளினிக் போனால் ஒரு நாள் சம்பளம் போய்விடும். இப்படி ஆயிரம் காரணம் அவருக்கு. காலுறை போட்டு மறைத்துக்கொண்டு இரண்டு மாதம் வேலைக்குப் போனார். தெரிய வந்தபோது ஒரு விரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது. சீக்கிரம் வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர். அன்றைக்கு எனக்கு அப்பா மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

மொக்தாரைப் பற்றிப் படித்த பிறகு அந்தக் கோபம் கொஞ்சம் இறங்கியது. இரண்டு பேருக்கும் மனசு ஒரே மாதிரிதான் என்று தோன்றியது. மற்றவர்களைச் சுமந்தே பழகியவர்களுக்குத் தான் சுமையாவது தாங்காது. மொக்தாரின் மௌனத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அது அவர் முடிவு. வெளியே சொல்லியிருந்தாலும் அந்த நோய் குணமாகியிருக்காது. ஆனால் அவரைத் தோளில் தூக்கிக் கொண்டாட எத்தனை ஆயிரம் பேர் தயாராக இருந்தார்கள்! அந்தக் கடைசி வருஷங்களில் அவர் பக்கத்தில் நிற்க அவர்களுக்கு ஒரு வாய்ப்பு கிடைக்காமலே போய்விட்டது. அதுதான் எனக்கு வருத்தம்.

அப்பாவின் கதை வேறு. அவர் வாய் திறந்திருந்தால் விரல் தப்பியிருக்கும். அன்று ராத்திரி ஆட்டம் முடிந்ததும் அப்பாவின் காலை என் மடியில் எடுத்து வைத்து ஒவ்வொரு விரலாகப் பார்த்தேன். அவருக்குக் கூச்சம், காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். நான் விடவில்லை. இனி வாரா வாரம் வீடியோ காலில் காலைக் காட்டணும் என்று சொல்லிவிட்டேன். சரி என்று தலையாட்டினார்.

நண்பர்களே, இந்த வாரம் உங்கள் அப்பாவிடம் மொக்தாரைப் பற்றிக் கேளுங்கள். அவர் முகம் எப்படி மலரும் என்று பாருங்கள். அப்படியே உடம்பு எப்படி இருக்கிறது என்றும் கேளுங்கள். ஒன்றுமில்லை என்பார். இன்னொரு முறை கேளுங்கள்.