தங்கம் கேட்ட வாத்தியார்

பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக் கொடுத்த ஒரு வாத்தியார், ஒரு தேசத்துக்கே பந்து உதைக்கக் கற்றுக் கொடுத்தார். அவர்தான் சையது அப்துல் ரஹீம். ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியக் கால்பந்து கோஷ்டி இரண்டே முறைதான் தங்கம் வென்றிருக்கிறது. இரண்டு முறையும் பயிற்சியாளர் அவரே!

ஐதராபாத்தில் 1909-ம் ஆண்டு ஆகஸ்டு 17-ந் தேதி ரஹீம் பிறந்தார். ஆசிரியர் வேலை பார்த்துக்கொண்டே பந்தாட்டத்தில் மனதைச் செலுத்தினார். அவர் பழக்கிய ஐதராபாத் நகரப் போலீஸ் கோஷ்டி, 1950 முதல் 1954 வரை தொடர்ந்து 5 ஆண்டுகள் ரோவர்ஸ் கோப்பையைத் தட்டிக்கொண்டு வந்தது.

வலது காலில் வல்லவனை இடது காலால் மட்டுமே ஆட வைப்பார். பந்தைத் தானே வைத்துக்கொண்டு ஓடக் கூடாது என்று விதி போட்டுப் பந்தயம் நடத்துவார். பலவீனம் எது என்று கண்டு, அதைத் திருத்துவதே அவருடைய வழி.

வெறுங்கால் பாடம்

1951-ல் டில்லியில் நடந்த முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஈரானை 1-0 என்று தோற்கடித்து இந்தியா தங்கம் பெற்றது. மறு ஆண்டே பெரிய அடி விழுந்தது. ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 1-10 என்று தோற்றது. குளிரில் நம்மவர் பலர் வெறுங்காலோடு ஆடினார்கள்! அதன் பிறகு பூட்ஸ் கட்டாயமாயிற்று.

ரஹீம் சோர்ந்துவிடவில்லை. 1956-ல் மெல்போர்னில் ஆஸ்திரேலியாவை 4-2 என்று இந்தியா வென்றது. நெவில் டிசோசா மட்டும் 3 கோல் போட்டார். ஒலிம்பிக் கால்பந்தில் அரை இறுதிக்குச் சென்ற முதல் ஆசிய நாடு என்ற பெருமை கிடைத்தது. முடிவில் நாலாவது இடம்.

1960-ல் ரோமில் பலம் வாய்ந்த பிரான்சுடன் 1-1 என்று சமநிலை கண்டார்கள். பெரு நாட்டுக்கு எதிராகத் தமிழர் சைமன் சுந்தரராஜ் போட்ட கோல்தான், ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவின் கடைசி கோல்.

ஜகார்த்தாவில்...

1962-ல் ஜகார்த்தா சென்றபோது ரஹீமின் உடலைப் புற்றுநோய் அரித்துக்கொண்டிருந்தது. முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 0-2 என்று தோல்வி! தற்காப்பு வீரர் ஜர்னெயில் சிங்குக்குத் தலையில் காயம்பட்டுத் தையல் போட வேண்டியதாயிற்று. ரஹீம் ஒரு காரியம் செய்தார். காயம்பட்ட அதே ஜர்னெயிலை அரை இறுதியில் முன்வரிசையில் நிறுத்தினார்!

செப்டம்பர் 4-ந் தேதி இறுதி ஆட்டம். எதிரே மறுபடியும் தென் கொரியா. ஏறத்தாழ ஒரு லட்சம் ஜனங்கள் இந்தியாவுக்கு எதிராகக் கூச்சல் போட்டார்கள். இஸ்ரேலையும் தைவானையும் சேர்க்காததை இந்திய அதிகாரி ஒருவர் ஆட்சேபித்ததால் வந்த கோபம் அது. கோலைக் காத்து நின்றார் பீட்டர் தங்கராஜ். 20 நிமிஷத்துக்குள் பி.கே. பானர்ஜி ஒன்று, ஜர்னெயில் ஒன்று என்று 2 கோல் விழுந்தன! 2-1 என்று இந்தியா ஜெயித்தது. தங்கம் ஒன்றைத்தான் ரஹீம் தங்களிடம் பரிசாகக் கேட்டார் என்று ஆட்டக்காரர்கள் பிற்காலத்தில் நினைவு கூர்ந்தார்கள்.

1963-ம் ஆண்டு ஜூன் 11-ந் தேதி ரஹீம் காலமானார். அதற்குப் பிறகு ஆசிய விளையாட்டில் கால்பந்துத் தங்கம் இந்தியாவுக்குக் கிடைக்கவில்லை. 1960-க்குப் பிறகு ஒலிம்பிக்கிலும் இடம் கிடைக்கவில்லை.

கடம்பத்தூரிலும் கல்கத்தாவிலும் பந்து உதைக்கும் பிள்ளைகளுக்குக் கால் பலம் குறைவில்லை. பலவீனத்தைக் கண்டு திருத்தும் ஒரு வாத்தியார்தான் வேண்டும்!