பாங்கி குமாஸ்தா படத்தொழில் மன்னர் ஆனார்!

அந்தக் காலத்தில் ஒரு போட்டோ பிடிப்பது என்றால் ஒரு வண்டிச் சாமான் வேண்டும். பெரிய காமிரா, முக்காலி, கண்ணாடித் தகடுகள், மருந்து பாட்டில்கள், இருட்டறைக்கு ஒரு கூடாரம் - இத்தனையும் தூக்கிச் செல்ல வேண்டும். கண்ணாடியில் மருந்து பூசி, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்துக் கழுவிவிட வேண்டும்.

இந்தத் தொல்லையை ஒழித்தவர் ஜார்ஜ் ஈஸ்ட்மன்.

வறுமை

1854-ம் ஆண்டு ஜூலை 12-ந் தேதி அமெரிக்காவில், நியூயார்க் மாகாணத்து வாட்டர்வில் என்ற ஊரில் அவர் பிறந்தார். ஏழு வயதில் தந்தையை இழந்தார். தாயார் ராச்செஸ்டர் நகரில், வீட்டில் வெளியாரைத் தங்கவைத்துச் சாப்பாடு போட்டுக் குடும்பம் நடத்தினார்.

14-வது வயதில் ஈஸ்ட்மன் படிப்பை நிறுத்தினார். ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீசில் எடுபிடி வேலை. வாரச் சம்பளம் 3 டாலர். 1874-ல் பாங்கி குமாஸ்தா ஆனார்.

அடுப்படியில் ஆராய்ச்சி

ஒருமுறை வெளிநாடு போய்வர எண்ணிக் காமிரா வாங்கினார். பயணம் நின்றுவிட்டது. காமிரா பைத்தியம் நிற்கவில்லை!

காய்ந்த தகட்டிலேயே படம் எடுக்கலாம் என்று ஒரு இங்கிலாந்துப் பத்திரிகையில் படித்தார். பகலில் பாங்கிப் பேரேடு; இரவில் தாயாரின் அடுப்படியில் சோதனை. களைத்தால் அங்கேயே தரையில் படுத்துவிடுவார்.

1881-ல் ஹென்றி ஸ்ட்ராங் என்பவரோடு சேர்ந்து உலர்தகடு கம்பெனி தொடங்கினார். அடுத்த ஆண்டே தகடுகள் கெட்டுப்போயின. விற்ற சரக்கைத் திரும்பப் பெற்று, நல்ல தகடு கொடுத்தார். பணம் கரைந்தது. பெயர் நிலைத்தது.

தன் சரக்குக்குத் தானே எமன்

தகடு வியாபாரம் சூடுபிடித்தது. போட்டியும் பெருகியது. வேறொருவராக இருந்தால் அந்த வியாபாரத்தையே கட்டிக் காத்திருப்பார். ஈஸ்ட்மனோ கண்ணாடியையே ஒழிக்க முனைந்தார். காகிதத்தில் மருந்து பூசிச் சுருளாக்கினார்.

தொழில்முறைப் போட்டோக்காரர்கள் அதை விரும்பவில்லை. காகிதத்தின் சொரசொரப்பு படத்தில் தெரிந்தது. கண்ணாடிதான் தெளிவு.

ஈஸ்ட்மன் சோர்ந்துவிடவில்லை. படம் பிடிக்கவே தெரியாதவர்களைத் தேடிப் போனார்!

1888-ல் கோடாக் காமிரா வந்தது. விலை 25 டாலர். உள்ளே 100 படத்துக்குச் சுருள். பொத்தானை அழுத்தினால் போதும். சுருள் முடிந்ததும் காமிராவையே ராச்செஸ்டருக்கு அனுப்ப வேண்டும். 10 டாலருக்குப் படங்களைக் கழுவி, புதுச் சுருள் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள்.

அடுத்த ஆண்டே செல்லுலாய்டு பிலிம் வந்தது. எடிசனின் சினிமா ஆராய்ச்சிக்கும் அது கைகொடுத்தது. அதே பிலிமை முன்பே கண்டிருந்த குட்வின் என்ற பாதிரியாரின் உரிமை பற்றி வழக்கு நடந்தது. ஈஸ்ட்மன் கம்பெனி தோற்று, 1914-ல் 50 லட்சம் டாலர் கொடுத்தது.

1900-ல் பிரவுனி காமிரா. விலை ஒரே டாலர்! குழந்தைகளும் படம் பிடித்தார்கள்.

வாரி வழங்கினார்

ஈஸ்ட்மன் மணம் செய்துகொள்ளவில்லை. கல்விக்கும், இசைக்கும், பல் வைத்தியத்துக்கும் வாரி வழங்கினார். தருமத் தொகை 10 கோடி டாலருக்கு மேல். மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துக்கு, ஸ்மித் என்ற புனைபெயரில் மறைந்திருந்து கொடுத்தார். 1932 மார்ச் 14-ந் தேதி 77-வது வயதில் மறைந்தார்.

லாபம் கண்ணை மறைத்தது

1975-ல் அவருடைய கம்பெனியிலேயே ஒரு இளம் எஞ்சினீயர், பிலிமே தேவைப்படாத காமிராவைச் செய்து காட்டினார். ஒரு படம் பதிவாக 23 விநாடி ஆயிற்று. படமும் மங்கல். மேலதிகாரிகள் அதில் அக்கறை காட்டவில்லை. பிலிம் லாபம் கொட்டிக்கொண்டிருந்தது.

காலம் மாறியது. பிலிம் விற்பனை சரிந்தது. பின்னால் டிஜிட்டல் காமிரா விற்றும், பழைய லாபம் வரவில்லை. 2012 ஜனவரியில் கம்பெனி திவால் மனு கொடுத்தது. மறு ஆண்டு மீண்டபோது மிகவும் சுருங்கிவிட்டது.

ஈஸ்ட்மனின் காகிதச் சுருளும் முதலில் மங்கல்தானே! நன்றாக ஓடும் சரக்கைத் தன் கையாலேயே பழசாக்கும் துணிவு அவருக்கு இருந்தது. கம்பெனியை வாரிசுகளுக்கு விட்டுச் சென்றார். அந்தத் துணிவை விட்டுச் செல்ல அவராலும் முடியவில்லை.