எம்.ஏ. வரலாறு படிக்க இடம் மறுக்கப்பட்ட பெண்: பல்லவர் வரலாற்றை எழுதிய மீனாட்சி யார்?

அச்சரப்பாக்கத்தில் காலை ரயிலைப் பிடித்து சென்னை ஐ.டி. கம்பெனிக்குப் போகும் ஒரு பி.இ. பட்டதாரிக்கு, திடீரென வரலாறு படிக்க ஆசை வந்தால் இன்று வழி இருக்கிறது. இக்னோவில் எம்.ஏ. வரலாறு சேர ஏதாவது ஒரு பட்டம் போதும். ஆனால் 1929-ல் வரலாற்றிலேயே பி.ஏ. முடித்துவிட்டு எம்.ஏ.வுக்கு விண்ணப்பித்த ஒருவரைக் கல்லூரி சேர்க்கத் தயங்கியது. மதிப்பெண் பிரச்சினை இல்லை. அவர் பெண், அவ்வளவுதான்.

அவர் பெயர் கடாம்பி மீனாட்சி. அந்த ரயில் ஜன்னலுக்கு வெளியே ஓடும் ஊர்களை ஒரு காலத்தில் ஆண்ட பல்லவர்களைப் பற்றி இன்று யார் எழுதினாலும், அவர் புத்தகத்தைப் புரட்டாமல் எழுதுவது கஷ்டம்.

மீனாட்சி 1905 செப்டம்பர் 12-ல் சென்னையில் பிறந்தார். அப்பா உயர் நீதிமன்ற ஊழியர். மகள் சிறியவளாக இருக்கும்போதே அவர் இறந்துவிட, அம்மா மங்களம்மாள்தான் பிள்ளைகளை ஆளாக்கினார். மாமல்லபுரம், காஞ்சிபுரம் என்று சின்ன வயதிலேயே போய்ப் பார்த்த கோயில்கள் மனதில் ஒட்டிக்கொண்டன. பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் பி.ஏ. முடித்தார்.

அடுத்து எம்.ஏ. அவர் கேட்டது சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில். இன்று தாம்பரத்தில் இருக்கும் அதே கல்லூரிதான். அப்போது பாரிமுனைப் பக்கம் இருந்தது. ஆண்கள் படிக்கும் இடம் என்பதால் முதலில் மறுத்துவிட்டார்கள். அவருடைய அண்ணன் லட்சுமிநாராயணன் அங்கேயே பணியில் இருந்தார். தங்கைக்கு நான் பொறுப்பு என்று அவர் உறுதி கொடுத்த பிறகே கதவு திறந்தது. அப்படி ஓர் அண்ணன் இல்லாத பெண்கள் எத்தனை பேர் திரும்பிப் போயிருப்பார்கள் என்பதற்குக் கணக்கு கிடையாது.

எம்.ஏ. முடிந்ததும் மெட்ராஸ் பல்கலைக்கழகத்தில் நீலகண்ட சாஸ்திரியிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தார். 1936-ல் முனைவர் பட்டம். அந்தப் பல்கலைக்கழகத்தில் அதைப் பெற்ற முதல் பெண் இவர்தான். பல்லவர்களின் நிர்வாகமும் சமூக வாழ்வும் பற்றிய அந்த ஆய்வு 1938-ல் புத்தகமாக வந்தது.

போர்களும் பட்டப்பெயர்களும் மட்டுமே வரலாறாக இருந்த காலம் அது. மீனாட்சி வேறு கேள்விகளைக் கேட்டார். வரி எப்படி வசூலித்தார்கள்? ஏரியை யார் பராமரித்தார்கள்? கோயிலில் யார் ஆடினார்கள், பாடினார்கள்? பசங்க எங்கே படித்தார்கள்? காஞ்சியின் உயர்கல்வி இடமான கடிகையும் அதில் வருகிறது. அங்கே படிக்க வந்த மயூரசர்மன் என்ற மாணவன், பல்லவக் குதிரை வீரன் ஒருவனோடு ஏற்பட்ட தகராறில் கோபித்துக்கொண்டு போய்த் தனி அரசையே நிறுவிவிட்டதாகக் கர்நாடகத்தின் தாளகுந்தா கல்வெட்டு சொல்கிறது. காஞ்சி கல்விக்கூடம் அந்தக் காலத்திலேயே அவ்வளவு பிரபலம்.

இதற்கெல்லாம் ஆதாரம் செப்பேடுகளும் கல்வெட்டுகளும். தமிழோடு சமஸ்கிருதமும் கிரந்த எழுத்தும் தெரியாமல் அவற்றைத் தொட முடியாது. வேறு துறையிலிருந்து வரலாற்றுக்கு மாற நினைப்பவர்களுக்கு இன்றைக்கும் அட்மிஷனைவிட இதுதான் பெரிய வேலை.

டாக்டர் பட்டம் வாங்கினால் வேலை கிடைத்துவிடும் இல்லையா? கிடைக்கவில்லை. 1939-ல்தான், மைசூர் திவான் மிர்சா இஸ்மாயில் அக்கறை காட்டியதால், பெங்களூரு மகாராணி கல்லூரியில் உதவிப் பேராசிரியர் பதவி வந்தது. சில மாதங்கள்தான். 1940 மார்ச் 3-ல் அவர் இறந்தார். வயது 34.

அவர் விட்டுச் சென்ற இன்னொரு வேலை காஞ்சி வைகுண்டப் பெருமாள் கோயிலில் இருக்கிறது. அச்சரப்பாக்கத்திலிருந்து மதுராந்தகம், உத்திரமேரூர் வழியாகப் போய் ஒரே நாளில் பார்த்துவிட்டு வரலாம். கோயிலின் சுற்று மண்டபச் சுவர் முழுக்கச் சிற்பங்கள். கிட்டத்தட்ட ஒரு காமிக்ஸ் மாதிரி, பல்லவ வம்சத்தின் கதை. வாரிசு இல்லாமல் அரியணை காலியானபோது, கிளை வம்சத்திலிருந்து 12 வயதுச் சிறுவன் ஒருவனை அழைத்து வந்து முடிசூட்டுகிறார்கள். அவன்தான் இரண்டாம் நந்திவர்மன். பக்கத்தில் பொறித்திருக்கும் குறிப்புகளையும் செப்பேடுகளையும் சேர்த்துப் படித்து, எந்தச் சிற்பம் எந்தச் சம்பவம் என்று மீனாட்சி வரிசைப்படுத்தினார். இந்தியத் தொல்லியல் துறை அதை 1941-ல் தனி நூலாக வெளியிட்டது. அப்போது அவர் இறந்து ஓராண்டு ஆகியிருந்தது.