ஆங்கிலத்துக்குச் சொல் கொடுத்த கைதி

கித்துள் பாணியை அறியாத வீடு கண்டியில் இல்லை. அந்தக் ‘கித்துள்’ ஒக்ஸ்போர்ட் ஆங்கிலப் பேரகராதியிலும் இருக்கிறது என்று அறிந்தபோது நான் வியந்தேன். அதை ஆங்கில எழுத்தில் கொண்டு சேர்த்தவர் கண்டி இராச்சியத்தில் கைதியாக வாழ்ந்த றொபேர்ட் நொக்ஸ்.

1641இல் பிறந்த நொக்ஸ், தந்தை கப்டனாக இருந்த ‘ஆன்’ என்ற கப்பலில் வந்தார். புயலில் பாய்மரத்தை இழந்த கப்பல் திருகோணமலைக்கு அருகே கொட்டியாரக்குடாவில் தரித்தது. 1660இல் இரண்டாம் இராஜசிங்க மன்னனின் ஆட்கள் தந்தையையும் மகனையும் மாலுமிகள் சிலரையும் பிடித்து, உள்நாட்டுக் கிராமங்களில் பிரித்து வைத்தனர். மறு வருடமே தந்தை காலமானார். நோயுற்றிருந்த மகன், கூலிக்கு ஆள் பிடித்தே அவரை அடக்கம் செய்தார். அப்போது அவருக்கு வயது இருபதுதான்.

நொக்ஸ் மனந்தளரவில்லை. தொப்பி பின்னி விற்றார். நெல் கடன் கொடுத்தார். உடுநுவரையில் எலதெத்த என்னும் ஊரில் காணி வாங்கினார். கிராமத்தவரோடு பழகிச் சிங்களம் கற்றார். ஒரு தொப்பியைக் கொடுத்து ஆங்கில பைபிள் ஒன்றைப் பெற்று, தாய்மொழியை வாசித்து வந்தார்.

1679இல் நண்பர் ஒருவருடன் காட்டுவழியே தப்பி, மன்னாருக்கு அருகே அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். 1681இல் இலங்கையைப் பற்றிய அவரது நூல் லண்டனில் வெளிவந்தது. இங்கிலாந்தில் இல்லாத பொருள்களுக்கு ஆங்கிலத்தில் பெயர் ஏது? ஆகவே காதில் கேட்ட பெயர்களையே ஆங்கில எழுத்தில் எழுதினார். கித்துள், பூஜை, வேடர், புத்தர் ஆகிய சொற்களுக்குப் பேரகராதி அந்த நூலையே ஆதிச் சான்றாகக் காட்டுகிறது. தாளிப்பனையின் ஆங்கிலப் பெயரான ‘தலிபொட்’டும் அவ்வாறே. ஓலையைக் குறித்த சொல் அங்கே மரத்தின் பெயராகிவிட்டது.

ஒரு விடயம் என்னை வருத்துகிறது. பத்தொன்பது வருடம் கைதியாக இருந்தவர், பின்னர் கப்டனாகி அடிமை வியாபாரத்திலும் ஈடுபட்டார். அவர் 1720இல் மறைந்தார். அகராதியில் அவர் பெயர் நிற்கிறது. சொற்களைச் சொல்லிக் கொடுத்த கிராமத்தவரின் பெயர்கள் எங்கும் இல்லை. எழுதியவர் நொக்ஸ், பேசியவர்கள் அவர்கள்.

சகோதரிகளே, நம் உம்மம்மாமாரின் பேச்சிலும் அகராதி ஏறாத சொற்கள் எத்தனையோ உண்டு. பொருளைக் கேட்டு, சொன்னவரின் பெயரோடு அவற்றை நாமே எழுதி வைப்போம்.