தாமஸ் டெல்போர்டு

வானளாவிய கோபுரத்தைக் காண்போர் அதன் அழகை வியப்பர். அதனைத் தாங்கும் அடிப்படையை நினைப்போர் சிலரே. புறத்தே புலனாகும் வெடிப்பைக் கொண்டு அகத்தே மறைந்த நோயை அறிந்து கூறுதல் கட்டட ஆய்வாளர் தொழிலாகும். அத்தொழிலில் இளமையிலேயே புகழெய்திய பெரியார் ஒருவரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

டெல்போர்டு 1757-ஆம் ஆண்டு ஸ்காத்லாந்தின் தென்பாலுள்ள எஸ்க்டேல் என்னும் மலைநாட்டில், ஆடு மேய்ப்பார் ஒருவரின் குடிசையிற் பிறந்தார். பிறந்த சில திங்களில் தந்தையை இழந்தார். தாயார் வறுமையோடு போராடி மகனை வளர்த்தார். ஊர்ப்பள்ளியிற் சிறிது கற்றபின், பதினான்கு வயதளவிற் கல்தச்சர் ஒருவரிடம் தொழில் பயிலச் சேர்ந்தார். லாங்ஹோம் என்னும் ஊரின் பாலத்திற்குக் கல் செதுக்கினார். பகலெல்லாம் உளியும் சுத்தியும் ஏந்திய கைகள் ஓய்ந்த வேளையில் நூல்களை ஏந்தின.

1780-இல் எடின்பரோ நகரிலும், 1782-இல் இலண்டன் நகரத்துச் சாமர்செட் மாளிகையிலும் கல்வேலை செய்தார். 1784-இல் போர்ட்ஸ்மத் கப்பல் துறையில் மேற்பார்வைப் பணி கிடைத்தது. ஆண்டுக் கற்களைப் பிணிக்கும் சுண்ணச்சாந்தின் இயல்பை உள்ளவாறு அறிய விழைந்து இரசாயன நூல்களையும் பயின்றார். 1787-இல் ஷ்ராப்ஷயர் மாவட்டத்தின் பொதுக் கட்டட ஆய்வாளராக அமர்ந்தார்.

அம்மாவட்டத்துத் தலைநகராகிய ஷ்ரூஸ்பரியில் பழமை வாய்ந்த தூய சாட் ஆலயம் இருந்தது. அதன் கூரை ஒழுகுகின்றதென்று 1788-இல் ஆலயக் குழுவினர் இவரை அழைத்தனர். அவர்கள் வினவியது கூரையைப் பற்றியே. இவரோ கூரையோடு நில்லாது, சுவர் வெடிப்புக்களைத் தொடர்ந்து அடிப்படை வரையில் ஆராய்ந்தார். கோபுரத்தைத் தாங்கும் வடமேற்குத் தூணின் அருகே கல்லறைக் குழி தோண்டியதனால் அதன் அடிநிலை தளர்ந்திருந்தது. கோபுரத்தின் பாரத்தை உடனே இறக்கித் தூணைப் புதுக்கினாலன்றிக் கூரையைச் செப்பனிடுவதிற் பயனில்லை என்று அறிவித்தார்.

குழுவினர் நம்பிலர். அவ்வெடிப்புக்கள் நெடுங்காலமாக உள்ளனவென்றும், தொழிலாளர் தமக்கு வேலை தேடிக்கொள்ளவே அச்சுறுத்துகின்றனர் என்றும் இகழ்ந்தனர். டெல்போர்டுக்கு அப்போது வயது முப்பது. பதவியேற்று நெடுநாள் ஆகவில்லை. அவர் விரும்பியதையே கூறியிருப்பின் பகையும் இல்லை, பழியும் இல்லை. ஆயினும் அவர் இணங்கிலர். வேறு செய்தி பேசுவதாயின் கோபுரம் தலைமேல் வீழும் அச்சமில்லாத வேறோரிடத்திற் கூடுதல் நலம் என்று உரைத்து வெளியேறினார் என்பர்.

குழுவினர் வேறொரு கல்தச்சரைக் கொண்டு, மேற்பாரத்தை இறக்காமலே தூணின் அடியை வெட்டிப் புதுக்கல் வைக்கத் தொடங்கினர். ஜூலை 9-ஆம் நாள் விடியற்காலையில் கோபுரம் இடிந்து வீழ்ந்து ஆலயத்தின் பெரும்பகுதியை அழித்தது. வேலையாட்கள் வருமுன் வீழ்ந்தமையால் உயிர்ச்சேதம் நேர்ந்திலது. இளைஞர் சொல் மெய்யாயிற்று.

பின்னர் இவர் ஆற்றிய பெரும்பணிகள் பல. 1805-இல் முடிந்த பொன்ட்கசில்டே நீர்ப்பாலமும், 579 அடி அகலம் ஒரே தாவாகத் தாவும் மெனாய்த் தொங்குபாலமும் அவற்றுட் சிறந்தன. 1826-இல் திறக்கப்பெற்ற இத்தொங்குபாலத்தின் இரும்புச் சட்டங்களை இழுத்துச் சோதித்த பின்னரே ஏற்றினார். 1820-இல் இலண்டன் சிவில் என்ஜினீயர் சங்கத்தின் முதல் தலைவரானார். 1834-இல் மறைந்து, வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் பெற்றார்.

இஞ்ஞான்று கல்லின் இடத்தைக் கான்கிரீட்டு பெற்றுள்ளது. அதன் மாதிரிக் கட்டிகளை 28 நாள் கழித்து நசுக்கி வலியளக்கின்றனர். சுத்தியால் தட்டி, ஓசையால் உட்பிளவை அறிகின்றனர். உள்ளிருக்கும் கம்பி துருவேறியதால் எழுந்த வெடிப்பைப் பிற வெடிப்புக்களினின்று பிரித்துணர்கின்றனர். இத்தொழிலிற் புதிது புகுவார்க்கு ஏணி ஏறுதலும், அளத்தலும், குறித்தலுமாகிய சிறு பணிகளே முதலிற் கிடைக்கும். அவற்றை இழிவென்று எண்ணற்க. கல் செதுக்கிய கையே தூணின் தளர்ச்சியை உணர்ந்தது. கருவிகள் மாறினும் கண்டதை மறையாது கூறும் நெஞ்சுரம் மாறுதல் ஆகாது. அந்நெஞ்சுரத்தை நம் மாணவர் பெறுவாராக.