கையால் கற்ற எண்

மரியா மாண்டிசோரி அம்மையார் 1870-ஆம் ஆண்டு இத்தாலியில் பிறந்தார். மருத்துவம் பயின்று 1896-இல் பட்டம் பெற்றார். அறிவு குன்றியோர் என ஒதுக்கப்பட்ட சிறார்க்குக் கற்பித்துக் கண்ட முறையை, 1907-இல் ரோம் நகரின் சான் லொரென்சோ என்னும் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் தொடங்கிய குழந்தைகள் இல்லத்தில் செயற்படுத்தினார்.

அங்கே எண் மனப்பாடம் அன்று, தொட்டறியும் பொருள். பத்துக் கோல்கள், சிறியது 10 சென்டிமீட்டர், பெரியது ஒரு மீட்டர். ஒன்றை எடுக்க ஒரு கை போதும். பத்தை எடுக்க இரு கைகளையும் விரிக்க வேண்டும். எண்ணின் அளவை உடலே உணர்ந்தது. உப்புத்தாளில் வெட்டிய இலக்கங்களை விரல் தடவிற்று. குச்சிப் பெட்டியில் வெறுமையாய் விட்ட அறை சுழியத்தைக் கற்பித்தது.

1939-இல் அம்மையார் சென்னை அடையாற்றுக்கு வந்தார். உலகப் போரால் இங்கேயே தங்க நேர்ந்தபோது, நம் பெரியகுளத்திற்கு மேலே நிற்கும் கொடைக்கானல் மலையில் 1942 முதல் 1944 வரை வாழ்ந்து பணியைத் தொடர்ந்தார். 1952-இல் மறைந்தார்.

இன்று அவர் பெயர் உயர்கட்டணப் பள்ளிகளின் பலகைகளில் மிளிர்கிறது. அம்முறையோ ஏழையர் குடியிருப்பில் பிறந்தது என்பதை நம் இளைஞர் மறத்தலாகாது. ஏலத்தோட்டத்திற்கும் திராட்சைத் தோட்டத்திற்கும் கூலிக்குச் செல்வோரின் பிள்ளைக்குக் கணக்கு வராது என்பார்க்கு நாம் தரும் விடை இதுவே. மூங்கிற்கோலும் புளியங்கொட்டையும் நம்மிடம் உண்டு. மாலைதோறும் பிள்ளைகளோடு அமர இளைஞர் முன்வரல் வேண்டும்.